அத்தியாயம் 4: எத்தனை காய் வந்து சேர்ந்திருக்கிறது?

குடவாசலுக்குத் தென்மேற்கே, நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் திருப்பூவனூர் இருக்கிறது. அப்பர் பாடிய தலம். அங்குள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். வசுசேனன் என்ற அரசனின் மகளாக வளர்ந்த ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியவில்லை. அவளை வெல்பவருக்கே அவளை மணமுடித்துத் தருவதாக அரசன் அறிவித்தான். சித்தர் வேடத்தில் வந்த சிவபெருமான் ஆடி வென்று அவளை மணந்தார் என்கிறது தலபுராணம். 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தமிழ்நாட்டில் நடந்தபோது, தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேச, டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களும் திருப்பூவனூரைத் தேடிப் பார்த்தார்கள்.

குடவாசலுக்கு வடகிழக்கே இன்னொரு ஊர், மயிலாடுதுறை. 1969 டிசம்பர் 11 அன்று விஸ்வநாதன் ஆனந்த் பிறந்த ஊர். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலக சாம்பியன். சதுரங்கத்துக்கென்று பெயர்பெற்ற ஒரு கோயிலும், சதுரங்கத்தை நாடெங்கும் கொண்டுபோன ஒரு மனிதரின் பிறந்த ஊரும் இந்த நெல்வயல் நாட்டில் இத்தனை பக்கத்தில் இருக்கின்றன.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. ஆட்டம் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களில் காய்களை ஒவ்வொன்றாகக் களமிறக்கி நிலைகொள்ள வேண்டுமா, கிடைத்த காயைக் கொண்டு உடனே எதிராளியின் ராஜாவைத் தாக்க வேண்டுமா? கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பிள்ளையும் சந்திக்கும் கேள்வி இது. உலக சாம்பியன்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஆனந்தின் மூன்று ஆட்டங்களை வைத்து இதற்கு விடை தேடுவோம்.

பழைய ஆட்டத்தில் இல்லாத சிக்கல்

சிவபெருமானும் இளவரசியும் ஆடியதாகச் சொல்லப்படும் சதுரங்கத்தில் இந்தக் கேள்வி இத்தனை கூர்மையாக எழுந்திருக்காது. பழைய சதுரங்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில், இன்று ராணி நிற்கும் கட்டத்தில், அமைச்சர் நின்றார். அவரால் மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டம்தான் நகர முடியும். இன்று பிஷப் நிற்கும் இடத்தில் இருந்த காய் மூலைவாக்கில் இரண்டு கட்டம் தாண்டும், அவ்வளவுதான். சிப்பாய்க்கு முதல் அடியிலேயே இரண்டு கட்டம் பாயும் உரிமை கிடையாது. இரண்டு படைகளும் முட்டிக்கொள்ளவே நிறைய நேரம் ஆகும். இதே ஆட்டம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போனபோது, அங்கிருந்த வல்லுநர்கள் காய்களை நிறுத்துவதற்கு நிலையான வியூகங்களை வகுத்து வைத்திருந்தார்கள். எதிராளி என்ன செய்கிறார் என்று பெரிதாகக் கவலைப்படாமல் அந்த வியூகத்தை அமைத்து முடித்துவிட்டு, பிறகு போரைத் தொடங்கலாம்.

15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பாவில் விதி மாறியது. அமைச்சரின் இடத்தில் ராணி வந்தாள். எட்டுத் திசையிலும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகும் ஆற்றல் அவளுக்குக் கிடைத்தது. பிஷப்புக்கும் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் வலிமை வந்தது. அன்றிலிருந்து நான்காவது நகர்த்தலிலேயே ராஜா வீழலாம் என்ற நிலை. நிதானமாக வியூகம் அமைத்துக்கொண்டிருப்பவர் அதற்குள் தோற்றுப்போகலாம். களமிறக்கலுக்கும் தாக்குதலுக்கும் இடையிலான போட்டி சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் பிறந்தது இப்படித்தான்.

நேரத்தை எண்ணலாம்

இந்த அத்தியாயம் முழுக்கக் கட்டங்களுக்குப் பெயர் தேவைப்படும். வெள்ளைக்காய்க்காரரின் இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை கிடைவரிசைகள் 1 முதல் 8. வெள்ளை ராஜா இ1இல் தொடங்குகிறார். கறுப்பு ராஜா இ8இல். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு. எட்டுச் சிப்பாய்களுக்கும் தலா இரண்டு வீதம் 16. இரண்டு குதிரைகளுக்கும் தலா இரண்டு வீதம் 4. யானை, பிஷப், ராணி, ராஜா நால்வகையும் அடைபட்டுக் கிடக்கின்றன. இப்போது ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4இல் வையுங்கள். மறுபடியும் வெள்ளையே ஆடுவதாக வைத்துக்கொண்டு எண்ணினால் 30 நகர்த்தல்கள் வரும். பிஷப்புக்கு ஐந்து கட்டம், ராணிக்கு நான்கு, ராஜாவுக்கு ஒன்று, குதிரைக்குக் கூடுதலாக ஒன்று திறந்திருக்கின்றன; சிப்பாயின் கணக்கில் ஒன்று குறைந்திருக்கிறது. டி4 ஆடினால் 28. ஓரத்துச் சிப்பாயை எச்4க்குத் தள்ளினால் 21தான். ஒரே ஒரு நகர்த்தல்தான் செலவு. ஒன்றில் பத்து வழி கூடுகிறது, இன்னொன்றில் ஒரே வழி.

கணினி யுகத்தின் தொடக்கத்திலேயே இந்த எண்ணிக்கையை அறிவியலாக்கியவர் கிளாட் ஷானன். தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் அவர், 1950இல் வெளியான தம் கட்டுரையில், இயந்திரம் செஸ் ஆட வேண்டுமானால் ஒரு நிலையை எப்படி மதிப்பிட வேண்டும் என்று ஒரு சூத்திரம் தந்தார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இவற்றோடு, ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 மதிப்பெண் சேர்த்தார். அதாவது எதிராளியைவிடப் பத்து வழி கூடுதலாக இருந்தால் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதற்குச் சமம். இது தோராயமான கணக்குத்தான். ஆனால் களமிறக்கல் என்பது அழகுக்காகச் செய்யும் காரியம் இல்லை, எண்ணி மதிப்பிடக்கூடிய சொத்து என்பதை அது தெளிவாக்கியது.

இது மனிதர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த மரபு மட்டும்தானா என்ற சந்தேகமும் தீர்ந்துவிட்டது. 2017இல் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஸீரோவுக்கு ஆட்ட விதிகளைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தன்னோடு தானே ஆடிக் கற்றது. அப்படிக் கற்றதில், மனிதர்கள் நூற்றாண்டுகளாகப் பெரிதும் ஆடிவரும் தொடக்கங்களைத் தானாகவே கண்டெடுத்தது. மையத்தைப் பிடிப்பதும், காய்களை வெளியே கொண்டுவருவதும், ராஜாவுக்குக் கோட்டை கட்டுவதும் இந்த ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கின்றன.

நான்கே நகர்த்தலில் மேட்

பள்ளிக்கூடப் போட்டிகளில் இன்றும் காணக்கூடிய காட்சி இது. வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை பிஷப் சி4க்கு வருகிறது. கறுப்புக் குதிரை சி6க்கு. வெள்ளை ராணி எச்5க்குப் பாய்கிறாள். கறுப்பு யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து ராணியைத் துரத்துகிறது. ராணி எஃப்7இல் சிப்பாயை வெட்டுகிறாள். மேட்.

ஏன் எஃப்7? தொடக்க நிலையில் அந்தச் சிப்பாயைக் காப்பவர் ராஜா ஒருவர்தான். வெள்ளையின் தரப்பில் பிஷப், ராணி என இரண்டு பேர் அதைக் குறிவைத்திருக்கிறார்கள். தாக்க வந்தவர் இரண்டு, காப்பவர் ஒன்று. இந்த அத்தியாயத்தின் மிச்சத்துக்கும் இந்த எண்ணிக்கைதான் திறவுகோல்.

இந்தத் தாக்குதலைத் தடுப்பது எளிது. ராணி எச்5க்கு வந்ததும் கறுப்பு ஜி6 என்று சிப்பாயைத் தள்ளட்டும். ராணி நகர்ந்தாக வேண்டும். அவள் எஃப்3க்குப் போய் மறுபடி எஃப்7ஐக் குறிவைத்தால், இப்போது குதிரை எஃப்6க்கு வந்து வழியை அடைக்கட்டும். எண்ணிப் பாருங்கள். வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் இரண்டு முறை அலைந்த ராணியும் வெளியே. கறுப்பிடம் இரண்டு குதிரைகள் வெளியே. ஜி7இல் பிஷப் வந்து உட்கார இடமும் தயார். வெள்ளை விடாப்பிடியாக ராணியைப் பி3க்கு நகர்த்தி எஃப்7ஐ இன்னொரு பக்கமிருந்து தாக்கினால், கறுப்புக் குதிரை டி4க்குப் பாயும். பிஷப் எஃப்7இல் வெட்டிச் செக் சொல்ல, ராஜா இ7க்கு வருவார். ராணி சி4க்கு ஓட, கறுப்பு பி5 தள்ளும். ராணி எங்கே ஓடினாலும் எஃப்7இல் நிற்கும் பிஷப்புக்குத் துணை இல்லை. ஒரு சிப்பாயை வெட்டப் போய் ஒரு பிஷப்பை இழந்தாயிற்று.

சீக்கிரம் தாக்கியது இங்கே தவறில்லை. இரண்டே காய்களைக் கொண்டு தாக்கி, எதிராளி ஒவ்வொரு பதிலடியிலும் ஒரு புதுக் காயைக் களமிறக்க இடம்கொடுத்ததுதான் தவறு.

பியல், 1988: களமிறக்கியும் தோற்றது

அப்படியானால் காய்களை வரிசையாக வெளியே கொண்டுவந்தால் போதுமா? போதாது. ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே 1988இல், சுவிட்சர்லாந்தின் பியல் நகரில் கொலம்பியாவின் அலோன்ஸோ சபாட்டாவுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய ஆட்டம் ஆறே நகர்த்தலில் முடிந்தது.

இ4, இ5. இரண்டு பக்கமும் ராஜா பக்கக் குதிரைகளை எஃப்3, எஃப்6 என வைத்தார்கள். வெள்ளைக் குதிரை இ5இல் சிப்பாயை வெட்டியது. கறுப்பு டி6 தள்ளி அதைத் துரத்த, அது எஃப்3க்குத் திரும்பியது. கறுப்புக் குதிரை இ4இல் சிப்பாயை வெட்டியது. இது பெட்ரோவ் தடுப்பாட்டம் என்று பெயர்பெற்ற நன்கறிந்த வழி. ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளை இன்னொரு குதிரையைச் சி3க்குக் கொண்டுவந்தது. ஆனந்த் பிஷப்பை எஃப்5க்கு வைத்தார். புதுக் காய் ஒன்று வெளியே வருகிறது, இ4 குதிரைக்கும் துணை நிற்கிறது. பாடப்புத்தகம் சொல்லும் நகர்த்தல் போலவே தெரிகிறது.

சபாட்டா ராணியை இ2இல் வைத்தார். ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இ4 குதிரையை எண்ணுங்கள். தாக்குபவர்கள் சி3 குதிரையும் இ2 ராணியும், இரண்டு பேர். காப்பது எஃப்5 பிஷப், ஒருவர். குதிரை தப்பி ஓடவும் முடியாது. அது விலகினால் இ நெடுவரிசையில் ராணியின் பார்வை நேராகக் கறுப்பு ராஜா மேல் விழும். டி5 தள்ளிக் காப்பாற்ற நினைத்தால், வெள்ளை டி3 தள்ளிக் குதிரையைப் பிடிக்கும். கறுப்பு ராணியை இ7க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி5க்குப் பாய்ந்து ராணியைத் துரத்தும். எப்படியும் ஒரு காய் போகும்.

இதற்கு முந்தைய ஆண்டு டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் இதே பிஷப் நகர்த்தல் வந்து, வெள்ளை ராணியை இ2இல் வைக்காமல் போக, ஆட்டம் டிராவில் முடிந்திருந்தது. அச்சில் வந்த ஆட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆட்டம் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் பாடமாயிற்று. காய் வெளியே வந்தால் மட்டும் போதாது. எதிராளியின் அடுத்த நகர்த்தலுக்குப் பிறகும் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்த இடத்தில் சி3 குதிரையை வெட்டுவதே கறுப்புக்கு நன்கறிந்த சரியான வழி.

மாஸ்கோ, 2012: மூலையில் சிக்கிய ராணி

2012இல் மாஸ்கோவின் ட்ரெட்யாகோவ் கலைக்கூடத்தில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆனந்தும் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டும் மோதினார்கள். ஏழாவது ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். மறுநாள், மே 21, எட்டாவது ஆட்டம். பதினேழே நகர்த்தலில் முடிந்த இந்த ஆட்டம், பட்டப் போட்டி வரலாற்றில் வெற்றிதோல்வி கண்ட ஆட்டங்களில் மிகக் குறுகியது.

வெள்ளையில் ஆடிய ஆனந்த் எஃப்3 சிப்பாயை முன்னதாகவே நகர்த்தியிருந்தார். அதனால் ராஜா பக்கக் குதிரைக்கு இயல்பான இடம் போய்விட்டது. அதை இ2 வழியாகச் சி3க்கு இரண்டு நகர்த்தல் செலவிட்டுக் கொண்டுவந்தார். கெல்ஃபாண்ட் கோட்டை கட்டினார். எட்டாவது நகர்த்தலுக்குள் கறுப்புக் குதிரை எச்5 ஓரத்துக்குப் போயிருந்தது. இருபக்கமும் பிஷப்புகள் வெட்டிக்கொண்டபின் ஆனந்த் ஜி4 தள்ளி அந்தக் குதிரையைச் சிக்கவைத்தார். கெல்ஃபாண்ட் யானையை இ8க்குக் கொண்டுவந்து செக் வைக்க, வெள்ளை ராஜா டி1க்கு நகர்ந்து கோட்டை கட்டும் உரிமையை இழந்தார்.

அங்கிருந்து கறுப்பு ராணி வேட்டைக்குப் புறப்பட்டாள். 14ஆவது நகர்த்தலில் எஃப்6; 15இல் எஃப்3 சிப்பாயை வெட்டிச் செக்; 16இல் எச்1இல் யானையை வெட்டினாள். தொடர்ந்து மூன்று நகர்த்தல் ராணிக்கே. அப்போது பலகையின் மறுமூலையைப் பாருங்கள். கறுப்பின் பி8 குதிரை ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் ஏ8 யானையும் அசையவில்லை.

ஆனந்த் ராணியை எஃப்2இல் வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு நகர்த்தலில் கறுப்பு ராணி எச்1 மூலையிலிருந்து வெளியேறும் வாசல்கள் அடைபட்டன. ஜி1, ஜி2, எஃப்3, எச்2 எல்லாவற்றையும் வெள்ளை ராணி பார்த்துக்கொள்கிறாள். அடுத்து எஃப்1 பிஷப் டி3க்கு நகர்ந்தால், பி1இல் நிற்கும் யானை முதல் வரிசை நெடுக நேராக எச்1 ராணியைத் தாக்கும். ராணியை மீட்க ஒரே வழி, பி8 குதிரையைச் சி6க்கு அனுப்பிப் பலிகொடுத்து, டி5 சிப்பாய் அதை வெட்டியதும் திறக்கும் மூலைப்பாதை வழியாக ராணியை வெளியேற்றுவது. அதுவரை களமிறங்காத அந்தக் குதிரையின் முதல் நகர்த்தல் உயிர்ப்பலியாக மட்டுமே இருக்க முடியும். கெல்ஃபாண்ட் விட்டுக்கொடுத்தார். இரண்டு வாரங்கள் முடிவதற்குள் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

வெள்ளை ராஜா கோட்டை கட்டவில்லை. வெள்ளைக் குதிரை ஒன்று இரண்டு முறை நகர்ந்தது. தொடக்கநிலைப் பாடங்களின்படி ஆனந்தும் விதிகளை மீறியவர்தான். ஆனால் கடைசி எண்ணிக்கையில் தாக்க வந்த கறுப்பு ராணிக்குத் துணையாக எந்தக் காயும் வந்து சேரவில்லை. அவளைப் பிடிக்கவோ வெள்ளையின் ராணி, யானை, பிஷப் மூன்றும் ஒன்றுசேர்ந்திருந்தன.

விக் ஆன் ஸே, 2013: வந்து சேர்ந்த பிறகு

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் கறுப்பில் ஆடியது, அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. மூன்றில் இதைத்தான் பலகையில் வைத்து மெதுவாக ஆடிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பதினோரு நகர்த்தல் முடிந்தபோது ஆனந்த் கோட்டை கட்டிவிட்டார். குதிரைகள் எஃப்6இலும் டி7இலும், பிஷப்புகள் டி6இலும் பி7இலும், ஒரு யானை சி8இல். எல்லாம் வேலைக்கு வந்துவிட்டன. அரோனியனும் கோட்டை கட்டியிருந்தார். ஆனால் அவருடைய சி1 பிஷப்பை அவருடைய இ3 சிப்பாயே மறைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஏ1 யானையும் அடைபட்டிருந்தது.

12ஆவது நகர்த்தலில் அரோனியன் தாக்கினார். குதிரை ஜி5க்கு. குறி, எச்7 சிப்பாய். டி3 பிஷப், சி2 ராணி, ஜி5 குதிரை என மூவர் தாக்க, ராஜாவும் எஃப்6 குதிரையும் என இருவர் காக்கிறார்கள். அந்தக் கட்டத்தின் கணக்கு வெள்ளைக்குச் சாதகம்தான். ஆனந்த் எச்7ஐக் காப்பாற்ற முயலவே இல்லை. சி5 என்று மையத்தை உடைத்தார். அரோனியன் குதிரை எச்7இல் வெட்டியது. ஆனந்த் அதைத் திருப்பி வெட்டாமல் எஃப்6 குதிரையை ஜி4க்கு அனுப்பி வெள்ளை ராஜாவின் வாசலில் நிறுத்தினார்.

எச்7 என்ற ஒரு கட்டத்தில் வெள்ளை முந்தியது உண்மை. பலகை முழுவதும் எண்ணினால் கறுப்பே முந்தியிருந்தது. சி நெடுவரிசை திறந்ததும் சி8 யானையின் பார்வையில் வெள்ளை ராணி நின்றாள். பி7 பிஷப் நீண்ட மூலைப்பாதையில் வெள்ளை ராஜாவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 15இல் இன்னொரு பிஷப் சி5க்கு வந்தது. 16ஆவது நகர்த்தலில் ஆனந்த் டி7 குதிரையை இ5இல் வைத்தார். இப்போது இரண்டு குதிரைகளையும் சி5 பிஷப்பையும் வெள்ளை வெட்டலாம். மூன்று காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்கு நிற்கின்றன. எதை வெட்டினாலும் வெள்ளையால் தப்ப முடியவில்லை. 23ஆவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை இ3இல் வைக்க, அரோனியன் விட்டுக்கொடுத்தார். 1907இல் போலந்தின் வூட்ஜ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தோடு செஸ் உலகம் இதை ஒப்பிட்டது.

ஆட்டம் முடிந்த நிலையில் அரோனியனின் சி1 பிஷப்பும் ஏ1 யானையும் முதல் கட்டத்திலேயே நிற்கின்றன. எச்7ஐ வெட்டிய அந்த ஒரே வெள்ளைக் குதிரை எஃப்3, ஜி5, எச்7, எஃப்8, ஜி6 என ஐந்து முறை நகர்ந்து, கடைசியில் வெட்டப்பட்டது. 23இல் ஐந்து நகர்த்தல் ஒரே குதிரைக்குச் செலவாகியிருக்கிறது. இரண்டு பெரிய காய்களுக்கு ஒரு நகர்த்தல்கூடக் கிடைக்கவில்லை.

சமநிலை எங்கே இருக்கிறது

குறுவைக்கு மேட்டூர் தண்ணீர் வந்து சேரும்போது நாற்றங்கால் தயாராக இல்லாதவர் நடவுக்கு எதை எடுப்பார்? நாற்றும் நிலமும் தயாராகியும் பட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவரின் கதிரோ, அறுப்புக்கு நிற்கும்போது ஐப்பசி மழையில் சாயும். டெல்டா விவசாயிக்குத் தயாரிப்பும் வேகமும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். சதுரங்கத் தொடக்கமும் அப்படித்தான்.

ஆகவே முதலில் களமிறக்கு, பிறகு தாக்கு என்ற பாடம் பாதி உண்மை. எதிராளி மெதுவாக ஆடும்போது தாக்காமல் காத்திருந்தால் அவரும் தயாராகிவிடுவார்; நம் முன்னிலை கரைந்துபோகும். களமிறக்கலில் கிடைத்த முன்னிலை தற்காலிகமானது. அதைச் செலவழிக்காவிட்டால் மறைந்துவிடும்.

இந்த முன்னிலையை விலைகொடுத்து வாங்குவதுதான் கேம்பிட். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் எவான்ஸ் கண்டுபிடித்த கேம்பிட்டில், வெள்ளை நான்காவது நகர்த்தலில் பி4 சிப்பாயைக் கறுப்பு பிஷப்புக்கு இரையாக வைக்கிறது. பிஷப் வெட்டியதும் சி3 தள்ளி அதைத் துரத்துகிறது. பிஷப் ஓடுவதற்குச் செலவாகும் நகர்த்தலில் வெள்ளை டி4 தள்ளி மையத்தைப் பிடிக்கிறது. ஒரு சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்கும் வியாபாரம். பழங்காலத்து ஆட்டம் என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த இதை 1995இல் ரிகா நகரில் கேரி காஸ்பரோவ் ஆனந்துக்கு எதிராகவே ஆடி 25 நகர்த்தலில் வென்றார். ஷானனின் கணக்கில் பத்து வழிக்கு ஒரு சிப்பாய் என்ற மதிப்பு இங்கே பலகையில் உயிரோடு தெரிகிறது.

நம் நாட்டு மரபிலும் இதன் இன்னொரு பக்கம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் காக்ரேனோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடிய வங்காளி மகேஷ்சந்திர பானர்ஜி, சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தும் இந்திய முறையில் ஊறியவர். மையத்தை உடனே பிடிக்காமல், ஜி6 தள்ளி ஜி7இல் பிஷப்பை உட்காரவைத்து, பிறகு எதிராளியின் மையத்தை இடிப்பது அவர் பாணி. அந்த வழியில் வந்த தொடக்கங்களுக்கு உலகம் இன்றும் இந்தியத் தடுப்பாட்டங்கள் என்று பெயர் சொல்கிறது. மாஸ்கோ ஆட்டத்தில் கெல்ஃபாண்ட் ஜி6 தள்ளி ஜி7இல் பிஷப்பை வைத்து ஆடியதும் அந்த மரபில் வந்த ஏற்பாடுதான். தாமதமாகத் தாக்குவதும் ஒரு தாக்குதல் முறையே. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த அந்த ஒலிம்பியாடில் முதல் பலகையில் தனிநபர் தங்கம் வென்ற குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு சதுரங்க வகுப்பில் சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்காத பிள்ளை இருக்கும் வீடு டெல்டாவில் குறைவு. அந்த ஆசை வீணாகக் கூடாது என்ற அக்கறையோடு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நான்கு நகர்த்தலில் மேட் வைக்கும் தந்திரத்தை முதல் பாடமாகக் கற்றுக்கொடுக்காதீர்கள். அது சில வாரங்களுக்கு வெற்றி தரும். ஜி6 தெரிந்த முதல் எதிராளி வந்ததும் அதோடு நின்றுவிடும். அதற்குப் பதில் முதல் பத்து நகர்த்தலில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்.

முதலாவது: எதிராளி இப்போது எதைக் குறிவைத்திருக்கிறார், அந்தக் கட்டத்தில் தாக்குபவர் எத்தனை, காப்பவர் எத்தனை? 1988இல் ஆனந்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கேள்வி இது.

இரண்டாவது: இந்த நகர்த்தல் ஒரு புதுக் காயைக் கொண்டுவருகிறதா? ஏற்கனவே வெளியே வந்த காயையே மறுபடி நகர்த்துவதானால், எதிராளி கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டிய மிரட்டல் அதில் இருக்கிறதா? கெல்ஃபாண்டின் ராணி முதல் மிரட்டலில் சிப்பாயையும் இரண்டாவதில் யானையையும் வென்றாள். மூன்றாவதாக மிரட்ட அவளுக்குத் துணை இல்லை.

மூன்றாவது: நான் தாக்கத் தொடங்கினால், என் காய்களில் எத்தனை அங்கே வந்து சேரும்? இந்தக் கேள்விக்கு விடை எதிராளியின் காவலைவிடப் பெரிதாக இருக்கும் அந்த நொடியில் தயங்காமல் தாக்கலாம். அதற்கு முன்னால் தாக்கியவர் அரோனியன். அந்த நொடி வரை பொறுத்துப் பிறகு பாய்ந்தவர் ஆனந்த்.

உங்கள் பிள்ளை வெற்றியோடு வீட்டுக்கு வரும்போது எத்தனை நகர்த்தலில் ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்தபோது எத்தனை காய் வெளியே வந்திருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பலகையைக் காட்டிப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தொடக்க ஆட்டம் கைவந்துவிட்டது என்று தாராளமாக நம்பலாம்.